படுத்தால் தெரியும் கூரை

1. கட்டில் வெளியே வந்த காலை

கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சாகி, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. அப்போதுதான் வினோதினி போன் செய்தாள். அந்த நேரத்துக்கு அவள் பெங்களூர் ரயிலில் இருக்க வேண்டியவள். போனில் ரயில் சத்தம் கேட்கவில்லை.

"மேடம், நைனா புது வீட்டுக்கு வரமாட்டேன்றாரு. நீங்கல்லாம் போங்க, நான் லைன் வீட்லயே இருந்துக்கிறேன்றாரு. ரூம்ல போட்ட புதுக் கட்டில அவரே இஸ்து வெளிய போட்டுட்டாரு."

"வீட்ல சண்டையா?"

"சண்டை போட்டா பர்வாயில்லயே. வாயே தொறக்கல. ரூமுக்குள்ள போனாரு, வெளிய வந்தாரு, கட்டில இஸ்தாரு. அவ்ளோதான்."

நான் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருக்கிறேன். படித்தது சிவில் டிப்ளமோ. வீட்டுக்குப் பிளான் போடுவது, எஸ்டிமேட் கொடுப்பது, கட்டி முடியும்வரை சைட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விரிசல், ஒழுகல், கதவு உரசல், டைல்ஸ் நிறம் மாறி வந்தது என்று எத்தனையோ புகார்கள் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு வைத்தியம் உண்டு. கட்டி முடித்த வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வீட்டுக்காரரே சொன்னது அதுதான் முதல் தடவை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: டிசைனையும் அப்கிரேடையும் வீட்டுக்காரர்களை எப்படி முடிவு செய்ய வைப்பது? அந்த வீட்டில் நடந்ததைச் சொல்வதே சரியான பதிலாக இருக்கும்.

2. வீட்டுக்குள் ஒரு ஷாப்டு

அந்தக் குடும்பத்தில் மூன்று பேர். ஏழுமலை இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில், ஊரார் சொல்லும் மைன்ஸில், அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். மைன்ஸ் மூடிய பிறகு பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்வந்தார், இப்போது அதையும் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். அவர் மனைவி காந்தா. மகள் வினோதினி பெங்களூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள், தினமும் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவள். பேத்தமங்களா ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டுவது அவள் ஏற்பாடு. லோனும் அவள் பெயரில்தான்.

முதல் நாள் மூவரும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வினோதினி போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினாள். ஒன்றில் ஹால் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்து கிடந்தது. மேலே கண்ணாடிக் கைப்பிடி, நடுவில் நீளமாகத் தொங்கும் விளக்கு.

ஏழுமலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, வீட்டுக்குள்ள ஷாப்டு வெட்டி வெச்சிக்கிறாங்க?"

"டபுள் ஹைட்டு நைனா. பெங்களூர்ல எல்லாம் இப்டித்தான் கட்றாங்க."

"மேல நின்னு பெல் அடிச்சா கேஜ் வருமா?"

சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கிணறு ஷாப்டு, அதில் ஏறி இறங்கும் கூண்டு கேஜ். காந்தா சிரித்து முடித்துவிட்டுத் தன் பங்கைச் சொன்னார். "எனக்கு ஷாப்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். தண்ணி வர்ற அன்னிக்கு நான் கொடத்த தூக்கினு ஓடக்கூடாது. சம்பு பெர்சா வெட்டச் சொல்லுங்க மேடம். மத்தது இவங்க ரெண்டு பேரும் எப்டியோ போவட்டும்."

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"ஒரு ரூமு. கதவு தெருவப் பாத்து இருக்கட்டும்."

"வேற?"

"அந்த ரூம்ல லாஃப்டு வேணாம்."

லாஃப்டு என்கிற பரண் வேண்டாம் என்று சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய பாத்திரம் போட இடம் போதவில்லை என்பதுதான் இந்த ஊரில் பெரும்பாலும் வருகிற புகார். ஏழுமலை எதையும் பெரிதாகக் கேட்காத மனிதர் என்று எடுத்துக்கொண்டு, அப்படியே வரைந்தேன்.

பிளான் போடுவதற்கு முன் அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டைப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். வாயால் கேட்பது ஒன்று, வாழ்கிற விதம் வேறொன்று. ஊரிகத்தில் அவர்கள் இருந்தது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஒரு அறை, அதன் பின்னால் சமையல் இடம். அறையில் ஒரு சுவரோரம் ஏழுமலையின் கட்டில். மற்ற மூன்று சுவர்களிலும் சாமி படம், அலமாரி, துணிக்கொடி என்று நெருக்கியடித்து இருந்தன. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. நிமிர்ந்தால் கூரைக் கட்டைகள் வெறுமையாகத் தெரிந்தன.

மூன்று டிசைன் போட்டேன். ஷாப்டு வைத்த டிசைனை வினோதினியே கடைசியில் தள்ளிவிட்டாள். ஹாலில் பேசுவது மாடி அறைவரைக்கும் கேட்கும் என்று நான் சொன்னதும், "அம்மா டீவி சீரியலோட பேசறதா? வேண்டாம்ப்பா" என்றாள். கீழே ஹால், சமையலறை, பெற்றோருக்கு ஒரு அறை, மேலே அவளுக்கு ஒரு அறை, அதையொட்டி மொட்டைமாடி. இந்த டிசைனில் கையெழுத்தானது.

3. எதை உயர்த்துவது

ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் மறையப் போவதைத்தான் முதலில் அப்கிரேடு செய்ய வேண்டும். அஸ்திவாரம், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்பு, பைப், வயர். பிறகு மாற்றுவதென்றால் வீட்டை உடைக்க வேண்டிவரும். கண்ணில் படும் சாமான்கள் காத்திருக்கும். டைல்ஸும் விளக்கும் அடுத்த வருடமும் கடையில் இருக்கும்.

சம்பு பெரிதாகவே வெட்டினோம். பாறை தட்டியபோது மேஸ்திரி பாபு இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று என்னைப் பார்த்தார். காந்தா குழியின் விளிம்பில் வந்து நின்று, "மைன்ஸ்காரன் ஊருல பாறையப் பாத்து பயப்பட்றியே பாபு" என்றார். பாபு இறங்கி வேலையைத் தொடர்ந்தார்.

சமையலறையில்தான் பெரிய வாக்குவாதம். வினோதினி மாடுலர் கிச்சனும் மின்சார சிம்னியும் கேட்டாள்.

"சிம்னியா? மில்லுக்கு வைக்கிறது எனக்கு எதுக்குடி?"

"மா, பொக தாளிப்பு எல்லாத்தையும் இஸ்துக்கும்."

"வாசனையும் இஸ்துக்குமா?"

"இஸ்துக்கும்."

"அப்ப நான் கருவாட்டுக் கொழம்பு வெச்சது பக்கத்து வூட்டுக்கு எப்டித் தெரியும்?"

சிம்னியின் இடத்தில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. சமையலறைக்குப் பின்னால், கூரை போட்ட திறந்த இடத்தில் கருவாட்டுக்கும் வடைக்கும் தனியாக ஓர் அடுப்பு மேடை வந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் எந்த வீட்டைப் பார்த்துக் காற்றை விடும் என்பதையும் காந்தாவே முடிவு செய்தார்.

கடைசிக் கட்டத்தில் வினோதினி தனியாக என் அலுவலகத்துக்கு வந்தாள். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஃபால்ஸ் சீலிங் என்றால் காங்கிரீட் தளத்துக்குக் கீழே, இரும்புச் சட்டத்தில் ஜிப்சம் பலகை பொருத்தி அமைக்கும் இரண்டாவது கூரை. ஓரங்களில் ஒளித்து வைக்கும் எல்ஈடி விளக்குகள் அதன் அழகு.

"நைனா ரூமுக்கும் போட்டுடுங்க மேடம். ஹால்ல போடறத விட நல்லதா. அவர்கிட்ட சொல்ல வேண்டாம், சர்ப்ரைஸ்."

"அவரைக் கேட்டுடலாமே."

"கேட்டா வேணாம்னுவாரு. எல்லாத்துக்கும் வேணாம்னுட்டாரு. பாத்ரூம்ல ஹீட்டர் வேணாம், ஏசி பாயின்ட் வேணாம். அத்தினி வருசம் இருட்டுல வேல பாத்துட்டு வந்தவரு மேடம். அவருக்குன்னு இந்த வீட்ல ஒண்ணாவது ஜோரா இருக்கணும்."

கண்ணில் படும் சாமான் காத்திருக்கும் என்ற என் விதி என் நினைவில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் கேட்ட விதத்துக்கு அந்த விதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

4. டொப்

போன் வந்த காலையில் நான் சைட்டுக்குப் போனபோது, முன்பக்க போர்ட்டிகோவில் புதுக் கட்டில் கிடந்தது. மெத்தையைச் சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்து ஏழுமலை டீ குடித்துக்கொண்டிருந்தார். வினோதினி ஹால் கதவில் சாய்ந்து நின்றாள். அழுதிருந்தாள் என்பது தெரிந்தது.

"வாங்கம்மா, டீ சாப்பிடுங்க" என்றார் ஏழுமலை, எதுவும் நடக்காதது போல.

"கட்டில் நல்லா இருக்கா?"

"கட்டிலு சூப்பரு."

"அப்ப ரூம்?"

டம்ளரைக் கீழே வைத்தார். போர்ட்டிகோவில் சாத்தியிருந்த நீளமான சாரக் குச்சியை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று உள்ளே நடந்தார். நானும் வினோதினியும் பின்னாலேயே போனோம். அறையின் நடுவில் நின்று, குச்சியால் மேலே இருந்த ஜிப்சம் பலகையைத் தட்டினார்.

டொப்.

இன்னும் இரண்டு இடத்தில் தட்டினார். டொப், டொப். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாம் சொல்லியாகிவிட்டது என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"என்ன?" என்றேன்.

"கேக்கல உங்களுக்கு? உள்ள பொக்கா கீது."

அதன் பிறகு எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் இத்தனை வீடு கட்டியவளுக்கு முன்பே புரிந்திருக்கலாம். அண்டர்கிரவுண்டில் வேலை தொடங்குமுன் முதலில் செய்வது, தலைக்கு மேலே இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிக் கேட்பது. கணீரென்று வந்தால் கீழே நிற்கலாம். பொக்கான சத்தம் வந்தால் பாறை உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் இறங்கும். ஆளெல்லாம் விலகி நின்று முதலில் அதை நெம்பித் தள்ள வேண்டும். தட்டாமல் யாரும் உட்காரக்கூட மாட்டார்கள். சுரங்கத்துக்கு மேலே குடியிருந்தவர்களுக்கும் அந்தப் பயத்தில் பங்குண்டு. சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரியும் ராக் பர்ஸ்ட் நேர்ந்த நாட்களில் லைன் வீடுகள் குலுங்கிப் பரண் சாமான்கள் விழும். கட்டிலுக்கு மேலே ஆணி இல்லாததற்கும், லாஃப்டு வேண்டாம் என்றதற்கும் காரணம் அங்கே இருந்தது.

ஏழுமலை மகள் செய்த பரிசைக் குறை சொல்லவில்லை. தட்டிப் பார்த்தார், பொக்காகக் கேட்டது. பழக்கத்தில் என்ன செய்வாரோ அதைச் செய்தார். ஆளையும் கட்டிலையும் விலக்கினார்.

5. முதுகுக்குத் தெரியவில்லை

எனக்குத் தெரிந்த வழியில் முதலில் முயன்றேன். பாபுவைக் கூப்பிட்டு ஒரு பலகையைக் கழற்றச் சொன்னேன். ஏணியில் ஏழுமலையை ஏற்றி, டார்ச் அடித்து, இரும்புச் சட்டத்தையும் மேலே காங்கிரீட்டில் இறக்கியிருந்த ஆங்கர் போல்ட்டுகளையும் காட்டினேன்.

ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார்.

"ஸ்ட்ராங்கா கீது" என்றார்.

"விழவே விழாது."

"வுழாதும்மா. நல்லாத் தெரியுது."

"அப்புறம் என்ன?"

ஏணியிலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய வெள்ளைத் தூசியைத் தட்டினார். "மூளைக்குத் தெரியுது. முதுவுக்குத் தெரியலயே. மல்லாந்து படுத்தா முதுவு தூங்க வுடாது."

எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கும் அதற்கு உதவாது.

வினோதினி ஏணியருகே வந்தாள். "ஹால்லயும் அதான் நைனா போட்டிருக்குது. வேல பாக்க வர்ற அன்னிக்கு அங்க மட்டும் சேர் போட்டுட்டுத் தூங்கறே?"

"அது உக்காந்துகினு தூங்கறது."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"ஒண்ணு இல்ல. உக்காந்துகினு இருந்தா எழுந்து ஓடலாம்."

பாபு திரும்பிக்கொண்டு சிரித்தார். வினோதினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கோபமாகக் கேட்டாள். "வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"நீ ஆசயா பண்ணிக்கினே. ஒண்ணொண்ணா லைட்டு போட்டுக் காட்னே. எப்டிச் சொல்றது? அதான் சத்தமில்லாம கட்டில எடுத்து வெளிய போட்டேன்."

"அது சொல்றத விட சத்தமா இருந்துச்சு நைனா."

ஏழுமலை கொஞ்சம் யோசித்தார். "நான் வரலன்னா ஒண்ணும் ஆவாது. பகல்ல வந்து இருக்கிறேன், படுக்க லைனுக்குப் போறேன். நீயும் அம்மாவும்..."

"நீ படுக்காத வீட்ட நான் எதுக்குக் கட்னேன்?"

"கழட்டுங்க மேஸ்திரி" என்று வினோதினியே சொன்னாள். சொல்லிவிட்டு, தான் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுத்த விளக்குகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

6. தரையில் கிடந்த விளக்கு

கழற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பலகைகளை ஹாலில் அடுக்கினோம். ஓரங்களில் ஒட்டியிருந்த நாடா போன்ற எல்ஈடி ஸ்டிரிப்பைப் பாபுவின் ஆள் உருவி, வயரோடு சுவரோரம் தரையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனான். ஜன்னல்களைத் தூசுக்காகத் தார்ப்பாயால் மூடியிருந்ததால் அறை பகலிலேயே மங்கலாக இருந்தது.

அப்போது காந்தா சாப்பாட்டுக் கூடையோடு வந்து சேர்ந்தார். இருட்டாக இருக்கிறதே என்று கை பட்ட சுவிட்சைத் தட்டினார். தரையில் கிடந்த ஸ்டிரிப் எரிந்தது. வெளிச்சம் சுவரில் ஏறி, மேலே காங்கிரீட் தளம் முழுக்கப் பரவியது. பலகை மறைத்திருந்த, காங்கிரீட் ஊற்றக் கட்டிய சென்டரிங்கின் தடங்கள், தளத்தில் பதிந்த பிளைவுட்டின் விளிம்புகள், ஆங்கர் போல்ட் பிடுங்கிய துளைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் தெரிந்தன.

"இன்னாடி இது, லைட்டு தரையில எரியுது?" என்றார் காந்தா.

ஏழுமலை அறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை, வரிசையாக, பக்கம் படிப்பவரைப் போல. பிறகு நாங்கள் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல், தூசியான தரையில் ஒரு சிமென்ட் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தார்.

"புதுத் துணிய்யா!" என்று காந்தா கத்தினார். "சாப்பாட்ட வெச்சிகினு நிக்கிறேன், நீ பாட்டுக்குப் படுத்துகினே!"

"பூராத் தெரியுது காந்தா" என்றார் படுத்தபடியே.

வினோதினி அப்பாவைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், தரையில் எரிந்த ஸ்டிரிப்பைப் பார்த்தாள். "மேடம், லைட்ட கீழயே வெச்சா என்ன?"

அந்த வீட்டின் மிக நல்ல அப்கிரேடு அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கட்டில் உயரத்துக்குச் சற்று மேலே, மூன்று சுவர்களிலும் மெல்லிய மரச்சட்டம் அடித்தோம். ஸ்டிரிப்பை அதன் பின்னால், மேலே பார்க்கும்படி பதித்தோம். படுத்தவர் கண்ணில் விளக்கு படாது, கூரை மட்டும் முழுசாகத் தெரியும். சுவிட்ச் தலைமாட்டில், கை நீட்டும் தூரத்தில். தளத்தில் துளைகளை அடைத்து வெள்ளை மட்டும் அடித்தோம். கழற்றிய பலகைகள் மாடியில் வினோதினியின் அறைக்குப் போயின.

7. ஒட்டடைக் கம்பு

கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கி முடிந்ததும் ஏழுமலையின் பழைய கூட்டாளிகள் மூன்று பேர் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தார்கள். எல்லோரும் ஒரே கேங்கில் வேலை பார்த்தவர்கள். ஹாலின் விளக்கு வேலைப்பாட்டை ஒரு பார்வை பார்த்தார்கள்.

"ஜோரா கீது" என்றார் ஒருவர். நிற்காமல் நடந்தார்.

"எங்கடா படுக்கிறே?" என்றார் இன்னொருவர்.

ஏழுமலை அவர்களை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவுக்குப் பின்னாலிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக் கொடுத்தார். முதல் ஆள் மேலே தட்டினார். திடமாக, உள்ளிருந்து பதில் சொல்வது போலச் சத்தம் வந்தது. தலையசைத்துவிட்டுக் கம்பை அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் ஒரு மூலையில் தட்டினார். மூன்றாமவர் கட்டிலுக்கு நேர் மேலே தட்டினார்.

"நைனா, பெயின்ட்டு!" என்று வினோதினி ஹாலிலிருந்து கத்தினாள்.

வாசலில் நின்ற பாபு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் முகத்தோடு ஒவ்வொரு தட்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். தட்சணைக்காக நின்றிருந்த ஐயர் என் பக்கம் குனிந்து, "இது இவங்க குலவழக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

கம்பு திரும்பி ஏழுமலையிடம் வந்தது. அவர் தட்டவில்லை. அதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, "சரி, சாப்பிட வாங்கடா" என்றார். போர்ட்டிகோவைத் தாண்டும்போது கட்டில் இழுத்த கீறல் புதுத் தரையில் இன்னும் தெரிந்தது. அதன்மேல் காந்தா கோலம் போட்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்துக் காந்தாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "சம்பு ரொம்பி வழியுது மேடம். இந்த ஆளு மட்டும் நடு ராத்திரில திடீர்னு லைட்டப் போட்டு மேல பாக்கறாரு. பாத்துட்டு அணைச்சிட்டுக் கொர்ர்னு தூங்கறாரு. முழிச்சிகினு கெடக்கிறது நானு" என்றார். புகார்போலத்தான் சொன்னார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நாம் வரையும் பிளான், கூரையை எடுத்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்க்கிற படம். அந்த இடத்தில் நின்று வீட்டைப் பார்க்கப் போகிறவர் நம்மைத் தவிர யாருமில்லை. வீட்டுக்காரர் அதைக் கீழேயிருந்து, படுத்துக்கொண்டு பார்ப்பார். அதனால் டிசைன் படங்களை எடுத்து வைப்பதற்கு முன் இப்போதெல்லாம் நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன்: படுத்தால் உங்கள் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும்? முதலில் சிரிப்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சொல்வதைக் கேட்டுத்தான் பென்சிலை எடுக்கிறேன்.